ஃபேனைக் குறைக்கச் சொன்ன கேப்டன்

கோர்ட்டில் வக்கீல்கள் அவளுக்கு வைத்த பெயர் விடாக்கண்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முப்பத்துநான்கு வருஷம் சுருக்கெழுத்தாளராக அங்கே உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஏறியவர் வாயிலிருந்து எது வந்தாலும் அவள் நோட்டில் விழுந்துவிடும். பேச்சு மட்டுமா? இருமினால் இருமல், விம்மினால் விம்மல், பதில் சொல்லாமல் மோட்டுவளையைப் பார்த்தால் அதற்கும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: (சாட்சி சற்று நேரம் மௌனமாக இருக்கிறார்). ஒருமுறை ஒரு பெரிய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு நடுவே, "இந்த நாற்காலி ஏன் இப்படி ஆடுது?" என்று முணுமுணுத்தார். மறுநாள் தட்டச்சான பிரதியில் அந்தக் கேள்வி இருந்தது. "எனக்குத் தெரியாது" என்று சாட்சி சொன்ன பதிலும் அதற்குக் கீழே இருந்தது.

இந்தப் பிடிவாதம் அவள் பிறக்கும்போதே கொண்டுவந்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு விபத்து வழக்கு. மோதிய லாரியின் நம்பரைப் பார்த்ததாகச் சொன்ன காவலாளி, சாட்சியம் முடிந்து கூண்டிலிருந்து இறங்கும்போது, "அன்னைக்குக் கண்ணாடி வேற போடல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவள் காதில் மட்டும் விழுந்தது. இறங்கிவிட்டாரே, இனி எதற்கு என்று எழுதாமல் விட்டாள். ஒரு டிரைவர் எட்டு மாதம் உள்ளே இருந்தார். மேல்முறையீட்டில் வேறு வழியாக உண்மை வெளியே வந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாருக்குத் தெரியும் கேட்க? ஆனால் அன்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்ப்பது என் வேலை இல்லை. எழுதுவது நான், வேண்டாததை அடிப்பது அடிக்கிறவர் பாடு.

இப்படி ஒரு வேலை பார்க்கிறவள் சாயங்காலம் என்ன மனதோடு பஸ் ஏறுவாள், நீங்களே யோசித்துப் பாருங்கள். யார் யாரை எதனால் அடித்தார்கள், யார் யாரை விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதையே நாள் முழுக்கக் கேட்ட காது. கல்யாணம் ஏன் வேண்டாம் என்று கேட்டவர்களிடம், "அதோட கடைசிப் பக்கத்தைத் தினமும் நான்தானே எழுதறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். அவளைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது ஐம்பது நிமிஷ பஸ் பயணமும், அதில் உட்கார்ந்து அவள் படித்த ஒரே ஓர் எழுத்தாளரின் புத்தகங்களும்தான். எல்லாம் அறிவியல் கதைகள். பதினோரு நிலா உள்ள கிரகம், கடலுக்கு அடியில் பள்ளிக்கூடம் நடத்தும் ரோபோக்கள், வாலைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் விண்கற்கள். அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் அண்ணன் தம்பியை அடித்துக் கொன்றதாக எந்த நிலாவிலும் சாட்சியம் இல்லை.

"அந்த மனுஷன் இல்லேன்னா நான் என்னைக்கோ ஒடிஞ்சு போயிருப்பேன்டா" என்று தம்பியிடம் சொல்வாள். தம்பி மருந்துக்கடைக்காரன். மாடியில் அவன் குடும்பம், கீழ்வீட்டில் அக்கா. அவனுக்கும் அந்த எழுத்தாளர் பைத்தியத்தைத் தொற்றவைத்தது அக்காதான். இருபத்தாறு புத்தகத்தையும் அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்தான். அவன் மனைவி அந்த அலமாரிக்குச் சின்னவீடு என்று பெயர் வைத்திருந்தாள்.

விடாக்கண்டி ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் பதிப்பகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எழுத்தாளருக்குப் பார்வை போய்விட்டது, சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். தம்பிதான் ஓடிவந்து சொன்னான். அன்று இரவு அவள் தூங்கவில்லை என்றால் நம்புங்கள். மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் ஐந்து பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன், ஜன்னலை ஒட்டி அவளுக்கு ஒரு மேஜை. அவள் முதுகுக்குப் பின்னால் சமையலறைக் கதவு. எழுத்தாளர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கதை என்னன்னா, ஒரு கப்பல் பூமிக்குத் திரும்பி வருது. எல்லாரும் உறைஞ்சு தூங்கறாங்க. கிழட்டுக் கேப்டன் ஒருத்தன் மட்டும் முழிச்சிருக்கான். கப்பலோட மிஷின்கிட்ட பேசிக்கிட்டே வரான். மிஷின் ஒரு வார்த்தை பேசாது. நான் சொல்றதெல்லாம் அவன் சொல்றது. நான் சொல்றதை அப்படியே எழுதணும். பாலிஷ் போடற வேலை வேண்டாம். என்ன?"

"ஒரு எழுத்து மாறாது சார்" என்றாள் அவள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் முப்பத்துநான்கு வருஷம் உழைத்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

பதினோரு மாதம். பதினான்கு நோட்டுகள். அவள் தலையைத் தூக்கியது கிடையாது. கோர்ட்டிலும் சாட்சியின் முகத்தைப் பார்க்கமாட்டாள், பார்த்தால் கை தடுமாறும். குரல் காதில் விழுந்தால் கை ஓடும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்யும்போது அங்கங்கே ஒரு வரி இடறும். கேப்டன் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார், திடீரென்று, "சாப்பிட்டியா?" என்பார். மிஷினைக் கேட்கிறாரா, பின்னால் நிற்கும் மனைவியைக் கேட்கிறாரா? அவளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் எதையும் விடாதே என்று கை சொன்னது. அச்சுக்குப் போகுமுன் திருத்தத்துக்கு வரும் மெய்ப்பை எழுத்தாளரின் மனைவி அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறார், வேண்டாததை அவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று அப்படியே கொடுத்துவிட்டாள்.

புத்தகம் வந்தது. பெயர் 'கடைசிக் கப்பலின் நாட்குறிப்பு', எழுநூற்று நாற்பத்திரண்டு பக்கம். அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். தான் எழுதியதைத் தானே படிப்பானேன் என்று கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். அடிக்கடி பீரோவைத் திறந்து பார்த்துக்கொள்வாள்.

ஊர் ரெண்டுபட்டது. மருந்துக்கடைத் தம்பி இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டு, மூன்றாம் நாள் கொதிநிலையில் இறங்கிவந்தான்.

"என்னக்கா இது? இது நாவலா, டாக்டர்கிட்ட சொல்ற புலம்பலா? கேப்டனுக்கு முட்டி வலிக்குது. கேப்டனுக்குக் கழுத்து பிடிச்சுக்குது. அறுபத்துமூணு பக்கத்துக்குக் குழாய்ல பாசி எப்படி வளருதுன்னு எழுதியிருக்காரு. இருபத்தாறு புத்தகம் எழுதியாச்சு, இனிமே எவன் கேக்கறதுன்னு சுயபுராணம் பாடிட்டாரு."

"பெரியவர் எழுதினா காரணம் இருக்கும்டா" என்றாள் அவள். பாசியைப் பற்றிய அறுபத்துமூன்று பக்கமும் அவளுக்கு நினைவிருந்தது. அதை எழுதிய வாரம் அவள் விரல் வீங்கிவிட்டது. முட்டியும் கழுத்தும் கேப்டனுடையது என்றே அப்போதும் நினைத்தாள்.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு வாசகர் மன்றம் இருந்தது. ரப்பர் நெடி அடிக்கும் அறை, பதினெட்டு மடக்கு நாற்காலிகள், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. புத்தகம் வந்த நாலாம் மாதம் அதைப் பேச எடுத்த அன்று நாற்காலி போதாமல் ஆட்கள் நின்றார்கள். தம்பி அக்காவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தான். நாவலை எழுதிக்கொடுத்தவள் இவள்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாது என்று தம்பிக்கு அவள் கட்டளை. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தாள்.

கணக்கு வாத்தியார் ஒருவர் முதலில் எழுந்தார். "மிஷினைப் பார்த்துச் சாப்பிட்டியான்னு கேக்கறார் கேப்டன். மிஷின் என்னத்தைச் சாப்பிடும்? பதினேழு தடவை கேக்கறார், நான் எண்ணினேன். வயசான காலத்துல யாரும் கத்திரிக்கோல் எடுக்கலைன்னா இப்படித்தான் ஆகும்."

முதியோர் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி விடவில்லை. "நீங்க ஒரு நாள் எங்க வார்டுல வந்து உக்காருங்க சார். அங்க எல்லாரும் இப்படித்தான். பேச ஆள் இல்லாதவங்க சுவர்கிட்ட கேப்பாங்க, சாப்பிட்டியா, தூங்கினியான்னு. எனக்கு அந்த இடத்துலதான் கண்ணு கலங்குச்சு. மிஷின் பதில் சொல்லாதான்னு இருந்துச்சு."

"பாசியைத் தாண்டிட்டேன். கேப்டன் பேசறதை மட்டும் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பஸ் கண்டக்டர். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் அவரை முறைத்தார்கள். தம்பிக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தான்.

"நூத்திப் பதினெட்டாம் பக்கம். விண்கல் மழை. கப்பல் ஒடையப் போகுது. படிக்கறேன், கேளுங்க. 'இன்னும் ஏழு நிமிடத்தில் இடப்பக்கச் சுவர் பிளக்கும். அறுநூறு பேர் உறக்கத்திலேயே இறப்பார்கள். ஃபேனைக் கொஞ்சம் குறை, கழுத்து பிடிச்சுக்குது. ஏழு நிமிடம் என்பது ஒரு மனிதன் தன் பாவங்களை எண்ணப் போதுமான நேரம்.' எந்தக் கப்பல்ல ஐயா ஃபேன் இருக்கு?"

மாடி அதிரச் சிரித்தார்கள். விடாக்கண்டிக்கு அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. கடகட ஃபேன், பின்னால் வந்த செருப்புச் சத்தம், சுவிட்சைத் திருகிய ஓசை. அடிக்கவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை. அச்சில் ஏறிவிட்டது. தன் உயிரைக் காப்பாற்றிய மனிதரின் கடைசிப் புத்தகத்தை ஊர் கூடிச் சிரிக்கிறது, காரணம் தன் கை.

வீட்டுக்கு வந்து கண்ணாடித்தாளைக் கிழித்தாள். பதினான்கு நோட்டையும் பரப்பினாள். அவளுடைய சுருக்கெழுத்தை அவளைத் தவிர எவராலும் படிக்க முடியாது. கோழி கிளறிய குப்பை என்பான் தம்பி. நோட்டையும் புத்தகத்தையும் ஒப்பிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்தாள். நூற்றுப் பன்னிரண்டு இடம். இதற்குள் பதிப்பகத்தில் முதல் பதிப்பு தீர்ந்திருந்தது. திட்டுவதற்காகவே பாதிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இரண்டாம் பதிப்பு. இப்போது வாயைத் திறந்தால் அத்தனையும் அடித்துவிடலாம், புத்தகம் பிழைக்கும். திறந்தால் அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? திறக்காவிட்டால்? எட்டு மாதம் உள்ளே இருந்த டிரைவர் மறுபடியும் வந்து கண்ணெதிரே நின்றார்.

மறுநாள் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவைத் திறந்தது எழுத்தாளரின் மனைவி. இவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது அவளுக்கு. நான் செய்த தப்பு, ஃபேன், ஜன்னல், சாப்பிட்டியா என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அந்தம்மாள் உதட்டில் விரலை வைத்து, கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. மெய்ப்பு வந்தப்ப சிவப்புப் பேனா என் கையிலதான் இருந்துச்சு."

"அப்போ பார்த்தீங்களா?"

"பாக்காம? முதல் தடவை அடிக்கத்தான் போனேன். 'இங்க பாரு, ஜன்னலைச் சாத்து, தூசி வருது'ன்னு கேப்டன் சொல்றாரு. நிலாவுக்கு அந்தப் பக்கம் ஜன்னலாம், தூசியாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பேனாவை மூடி வச்சுட்டேன்." அந்தம்மாள் அடுப்பை அணைத்தார். "கல்யாணம் ஆகி நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. இருபத்தாறு புத்தகம். ரோபோவுக்கெல்லாம் பேர் வச்சு, பிறந்தநாள் வச்சு எழுதியிருக்காரு. ஒரு பக்கத்துலயாவது நான் இருக்கேனா? இதுல வந்துட்டேன். ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல? அவருக்கு வாசிக்கறப்ப அந்த இடத்தையெல்லாம் தாண்டிட்டேன். அச்சுக்கு மட்டும் அப்படியே அனுப்பிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு நாலு மாசமா நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா அழுதுக்கிட்டு வரீங்க. நூத்திப் பதினோரு இடத்துல இருக்கேன்."

"நூத்திப் பன்னிரண்டு" என்றாள் விடாக்கண்டி. பாருங்கள், அந்த நேரத்திலும். "முன்னூத்தி நாலாம் பக்கத்தை விட்டுட்டீங்க."

அந்தம்மாள் முகம் மாறியது. "அது கணக்குல வேண்டாம்" என்றார்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "யாரு, ரெக்கார்டா? ரெண்டு பேரும் என்ன குசுகுசு?" அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பார்வை போனதிலிருந்து காது பாம்புக்காது.

விடாக்கண்டி போய் அவர் எதிரே நின்றாள். கூண்டில் நிற்கும் பழக்கம் அவளுக்கு இல்லை, முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னாள். அடித்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நாலு மாசமா என்னைச் சுயபுராணம், சுயபுராணம்னு திட்டினாங்களே, நானும் பாசிக்குத்தான் திட்டறாங்கன்னு நினைச்சேனே, எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பண்ணின வேலையா?"

"பாதிதான்" என்றார் மனைவி கதவோரம் நின்று. "மீதி பாசிக்குத்தான்."

அவருக்குக் கோபம் வந்தது நிஜம். நாற்காலிக் கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிரிப்பும் வந்தது. அதையும் அடக்க முடியவில்லை. "ஒரு புத்தகம் முழுக்க எனக்கே தெரியாம எழுதியிருக்கேன். சரி, நோட்டு இருக்குல்ல? உக்காருங்க. முதல்ல இருந்து வாசிங்க. இவ மாதிரி தாண்டக் கூடாது. ஒண்ணும் விடாம வாசிங்க."

அவள் முதல் நோட்டைப் பிரித்தாள். கோர்ட்டில் வாசித்துக் காட்டும் அதே தட்டைக் குரல். கேப்டன் சொன்னதை வாசித்தாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னதை வாசித்தாள், "சாத்தித்தான் இருக்கு, உங்களுக்குத்தான் எப்பவும் தூசி" என்று அடுத்த வரியையும் வாசித்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க. அது யாரு பேசறது?"

"அம்மா பேசினது சார். கேள்வியை எழுதிட்டுப் பதிலை விட்டா அது நோட்டே இல்ல. நீங்க சொன்னதை மட்டும்தான் எழுதணும்னு சொன்னீங்க, அதனால டைப் அடிக்கறப்ப அவங்க பேச்சை விட்டுட்டேன். நோட்டுல எல்லாம் இருக்கு."

கதவோரம் நின்றவர் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தான் பேசியதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

தினமும் காலையில் மூன்று மணி நேரம் என்று வாசிப்பு நடந்தது. எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மனைவியின் பதில் வரும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. "இவ்வளவு வாயாடியா நீ? எனக்குத் தெரியவே தெரியாதே." "நீங்கதான் வியாழனுக்குப் போயிட்டீங்களே, எப்படித் தெரியும்?" எட்டாம் நாள் ஆறாவது நோட்டை அவள் பிரித்தபோது அந்தம்மாள் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல ஒரு நாலு வரி இருக்கு. விட்டுடுங்களேன். அவருக்கு எதுக்கு?"

விடாக்கண்டி நோட்டைப் பார்த்தாள். புத்தகத்தில் முந்நூற்று நான்காம் பக்கம். எந்த நாலு வரி என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சுகிறவர் அவளுக்கு நன்றி சொன்ன மனுஷி, தாண்டிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எதிரே ஒண்ணும் விடாம என்று சொன்னவர் காத்திருக்கிறார். அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா. ஒரு தடவை விட்டவ நான்" என்றாள். பிறகு வாசித்தாள்.

"கேப்டன்: வியாழனின் நிழலுக்குள் நுழைகிறோம். மாத்திரை போட்டியா? அம்மா: தீந்து போய் மூணு நாளாச்சு, நெஞ்சு படபடங்குது, கடைக்குப் போக ஆள் இல்ல. கேப்டன்: சரி சரி. நிழலுக்குள் குளிர் இல்லை, அமைதிதான் இருக்கிறது."

ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் வாசிங்க" என்றார் அவர். அவள் வாசித்தாள்.

"இவ அன்னைக்கு இப்படிச் சொன்னாளா?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"சரி சரின்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நிழல்."

அவர் கையை நீட்டிக் காற்றில் தேடினார். அந்தம்மாள் தன் கையைக் கொடுத்தார். "அதான் அப்புறம் நானே போய் வாங்கிட்டேனே, இப்ப எதுக்கு?" என்றார். எண்பது வயது மனிதர் அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். விடாக்கண்டியின் கையில் பென்சில் இருந்தது, திறந்த பக்கம் எதிரே இருந்தது. முப்பத்துநான்கு வருஷப் பழக்கம், விரல் தானாக அடைப்புக்குறியின் முதல் வளைவைப் போட்டுவிட்டது. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் சொன்னார், "ரெக்கார்டு, இந்தம்மா பேசினதையெல்லாம் ரெண்டாம் பதிப்புல சேர்த்துடுங்க. மிஷின் பேசட்டும்."

"ஐயய்யோ, வேண்டவே வேண்டாம்" என்று பதறினார் மனைவி. "சிரிப்பாங்க. ஏற்கெனவே பாதிப் பேர் திட்டறாங்க."

"திட்டட்டும். நாப்பத்தொரு வருஷமா பதில் சொல்லியிருக்கே, நான் கேக்கல. அவங்களாவது கேக்கட்டும்." பிறகு விடாக்கண்டி இருந்த பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் விட்டிருந்தா நான் கேக்காமலே போயிருப்பேன் அம்மா. உங்களுக்கு நான் என்ன செய்யறது?"

"நீங்க செஞ்சது முப்பத்துநாலு வருஷத்துக்குப் போதும் சார்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் பிரித்தாள்.

வாசித்து முடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. கூடவே பாசியில் நாற்பது பக்கத்தை அவரே அடிக்கச் சொன்னார். தப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ளும் மனிதர்தான். இரண்டாம் பதிப்பு வந்த மாதம் டயர் கடை மாடியில் மறுபடியும் கூட்டம். கணக்கு வாத்தியார் இன்னும் மசியவில்லை, ஃபேன் ஃபேன்தான் என்றார். நர்ஸ் மிஷின் பேசும் ஒரு பக்கத்தை வாசிக்க எழுந்து பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைத் தம்பி, "இப்பவும் இது நாவல் இல்ல, அதுல மாத்தம் கிடையாது" என்று ஆரம்பித்து, "ஆனா அந்த மிஷின் பேசற இடம் மட்டும்…" என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாத்திரை தீர்ந்துபோன அந்தப் பக்கத்தைப் படித்த அன்றே அக்காவிடம் மாத்திரைப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன். புத்தகத்தை எவ்வளவு திட்டினாலும், மாதம் முதல் தேதி மாத்திரையை அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு புது வரி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே அரைமணி நேரம் சண்டை நடந்தது. கேப்டன் பூமிக்கு வந்து கைதாகிவிட்டார் என்றார் ஒருவர், இது மிஷின் போடும் முத்திரை என்றார் இன்னொருவர். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சாட்சியத்தின் முடிவிலும் முப்பத்துநான்கு வருஷம் அவள் தட்டச்சு செய்த வரி அது. எழுத்தாளர்தான் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார்:

முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துகள் அச்சாகியிருந்தன. ஒன்று கண் தெரியாதவர் கோணலாகப் போட்டது. மற்றது மிஷினுடையது.